ஐந்து நொடிக்குள் ஒரு பதில்

ஒரு தாய் தன் கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். குழந்தை சிரிக்கிறது, எதையோ கைநீட்டிக் காட்டுகிறது, அவளும் அங்கே பார்க்கிறாள். பிறகு, ஆய்வாளர் சொல்லிவைத்தபடி, சட்டென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறாள். கோபமில்லை, அதட்டலில்லை. சும்மா பார்க்கிறாள், அவ்வளவுதான். குழந்தை முதலில் சிரித்துக் காட்டுகிறது. பலிக்கவில்லை. கையை நீட்டுகிறது, கத்துகிறது, உடம்பை வளைத்துத் திமிறுகிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பல குழந்தைகள் அழுதேவிடுகின்றன. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் நடத்திய 'அசையா முகச் சோதனை' இது. பேச்சு வராத வயதிலேயே, தான் அனுப்பியதற்குப் பதில் வந்ததா என்று குழந்தை கணக்குப் பார்க்கிறது!

அந்தப் பதில் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். 2003இல் மைக்கேல் கோல்ட்ஸ்டீன் குழுவினர் எட்டு மாதக் குழந்தைகளின் தாய்மாரை இரண்டு பிரிவாகப் பிரித்து, காதில் ஹெட்போன் மாட்டி, எப்போது சிரிக்க வேண்டும், எப்போது தொட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதல் பிரிவில், குழந்தை 'ங்கா' என்றவுடன் கொஞ்சல். இரண்டாவதில் அதே அளவு கொஞ்சல், ஆனால் குழந்தையின் குரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத நேரத்தில். முதல் பிரிவுக் குழந்தைகளின் மழலை அந்தச் சோதனை முடிவதற்குள்ளேயே பேச்சின் சாயலுக்கு நெருங்கிவிட்டது. இத்தனைக்கும் தாய்மார் ஓர் எழுத்தைக்கூடச் சொல்லித்தரவில்லை.

குழந்தை வளர்ந்த பிறகு? 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் சட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, வீட்டுப் பேச்சு முழுவதையும் இரண்டு நாள் பதிவு செய்தார்கள். பெரியவர் ஒன்று சொல்ல, ஐந்து நொடிக்குள் பிள்ளை பதில் சொன்னால், அது ஒரு 'பேச்சுமுறை'. பிள்ளை தொடங்கிப் பெரியவர் பதில் சொன்னாலும் அப்படியே. பேச்சுமுறைகள் அதிகமிருந்த வீட்டுப் பிள்ளைகள் கதை கேட்டபோது, மூளையில் பேச்சைக் கையாளும் புரோகா பகுதி கூடுதலாகச் சுறுசுறுப்படைந்தது. பெற்றோரின் வருமானமோ, அவர்கள் கொட்டிய சொற்களின் எண்ணிக்கையோ இதைத் தீர்மானிக்கவில்லை. நாளெல்லாம் அறிவுரை பொழியும் வீடுகளுக்கு இது சற்றே சங்கடமான செய்திதான்.

குரலுக்குள் மருந்தும் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 7 முதல் 12 வயதுச் சிறுமிகளை அந்நியர் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார்கள். எல்லோர் உடலிலும் பதற்றச் சுரப்பான கார்ட்டிசால் எகிறியது. பிறகு சிலரை அம்மா வந்து அணைத்துக்கொண்டார். சிலரிடம் தொலைபேசியில் பேசினார். இரண்டு பிரிவிலும் கார்ட்டிசால் இறங்கியது. பாசச் சுரப்பான ஆக்ஸிடோசின் ஏறியது, அதுவும் ஏறக்குறைய ஒரே அளவில். பின்னர் அம்மாவை எழுத்தில் செய்தி அனுப்பவைத்துப் பார்த்தார்கள். ஆறுதல் சொற்கள் போய்ச் சேர்ந்தன. ஆக்ஸிடோசின் மட்டும் அசையவில்லை.

பதிமூன்று வயதை ஒட்டி மூளை இன்னொரு திருப்பம் எடுக்கிறது. அம்மாவின் குரலைவிட அறியாத குரல்களுக்கு அதன் மகிழ்ச்சி மையங்கள் அதிகம் துள்ளுவதை 2022இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். வெளியுலகுக்குத் தயாராகும் மூளையின் வேலை இது. திமிர் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அதற்கு முந்தைய வயதில் இருக்கும் பிள்ளைக்கு நாளை பரீட்சை என்றால், வெளியூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். கூப்பிட்டுப் பேசுங்கள்.