குரல்வளை-மூச்சுக்குழாய்ப் பிரிப்பு

குரல்வளை-மூச்சுக்குழாய்ப் பிரிப்பு என்பது உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் செல்வதை முற்றாகத் தடுப்பதற்காகச் செய்யப்படும் ஓர் அறுவைச் சிகிச்சை ஆகும். வேறு சிகிச்சைகள் பயனளிக்காதவர்களுக்கே இது செய்யப்படுகிறது. இதனால் நுரையீரல் காக்கப்படுகிறது. ஆனால் நோயாளி தமது குரலை இழக்கிறார்.

காரணம்

தொண்டை உணவுக்கும் மூச்சுக்கும் பொதுவான வழியாகும். விழுங்கும்போது குரல்வளை மேலெழுகிறது, குரல்வளைமூடி அதன் வாயை மறைக்கிறது, குரல்நாண்கள் ஒன்றுசேர்கின்றன, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. பக்கவாதம், பெருமூளை வாதம், இயக்க நரம்பணு நோய் போன்றவற்றால் இவ்வொழுங்கு குலையக்கூடும். அப்போது உணவு மூச்சுக்குழாயினுள் புகுகிறது. தொண்டையில் உணர்வு குன்றியவர்களுக்கு இருமலும் வராததால் இது வெளியே தெரிவதில்லை. நுரையீரல் அழற்சி மீண்டும் மீண்டும் ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து விளையலாம்.

வயிற்றுக்குள் குழாய் பொருத்தி உணவூட்டினாலும் இச்சிக்கல் முழுமையாகத் தீர்வதில்லை. நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் எச்சில், கிருமிகளுடன் நுரையீரலுக்குள் இறங்கக்கூடும்.

செய்முறை

கழுத்துப் பகுதியில் மூச்சுக்குழாய் குறுக்காக வெட்டப்படுகிறது. அதன் கீழ்ப்பகுதி முன்கழுத்துத் தோலுடன் இணைத்துத் தைக்கப்படுகிறது. நோயாளி அத்துளை வழியாகவே மூச்சு விடுகிறார். குரல்வளையுடன் சேர்ந்த மேற்பகுதி தைத்து மூடப்படுகிறது. மேற்பகுதியை உணவுக்குழாயுடன் இணைக்கும் முறையும் உண்டு. இதனை அமெரிக்க மருத்துவர் லிண்ட்மன் 1975இல் விவரித்தார்.

குரல்வளையை முழுவதுமாக அகற்றும் அறுவையும் இதே பயனைத் தரும். ஆனால் அதனை மீட்க இயலாது. பிரிப்பு முறையில் குரல்வளை உடலிலேயே இருப்பதால், விழுங்கும் திறன் பின்னர் திரும்பினால் மூச்சுக்குழாயை மீண்டும் இணைக்க வாய்ப்புண்டு. எனினும் அவ்வாறு இணைக்கப்படுவோர் மிகச் சிலரே.

விளைவுகள்

குரல்நாண்கள் வழியே காற்று செல்லாததால் இயல்பான பேச்சு இயலாது. முகரும் திறனும் குறைகிறது. காற்று மூக்கில் வெப்பமும் ஈரமும் பெறாமல் நேரே நுழைவதால் சளி இறுகலாம். துளைக்குள் நீர் புகாமல் காக்க வேண்டும். அவசர காலத்தில் ஆக்சிசனை வாய் வழியாக அன்றிக் கழுத்துத் துளை வழியாகவே செலுத்த வேண்டும். இதனை உடனிருப்போர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சிலர் அறுவைக்குப் பின் வாய்வழி உண்ணத் தொடங்குகின்றனர். ஆனால் இச்சிகிச்சை விழுங்கும் தசைகளைக் குணப்படுத்துவதில்லை. ஏற்கனவே பேச்சை இழந்தவர்களுக்கு இதனைத் தேர்வது எளிது. பேசக்கூடியவர்களுக்கு இது கடினமான முடிவாகும்.