மாசம் 1,000 ரூபாய்க்கு ஒரு குழந்தை: ஸ்பான்சர் பண்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுடலாம்



இந்த வார வீடியோவை முக்கொம்புல ஷூட் பண்ணோம். காத்து சத்தத்துல பாதி வார்த்தை கேக்கவே இல்லைன்னு கமெண்ட்ல நிறைய பேர் திட்டிட்டீங்க. நியாயம்தான். அதனால அதையே கொஞ்சம் விரிவா இங்க எழுதிடறேன்.

விஷயம் இதுதான். ஒரு சப்ஸ்கிரைபர் கேட்டிருந்தாங்க: "மால்ல ஒரு ஸ்டால்ல நிறுத்தி, ஒரு குழந்தை போட்டோவைக் காட்டி, மாசம் 1,000 ரூபாய் கொடுத்தா இந்தக் குழந்தையோட வாழ்க்கையே மாறிடும்னு சொன்னாங்க. 80ஜியும் உண்டாம். போடலாமா சார்?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லணும்.

நான் பண்ண தப்பு

சி.ஏ. முடிச்சு முதல் வேலையில சேர்ந்த புதுசுல, இதே மாதிரி ஒரு ஸ்டால்ல நானும் கையெழுத்து போட்டேன். ஏழு வயசுப் பொண்ணு. வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிதம் வரும், கலர் பென்சில்ல வரைஞ்ச வீடு ஒண்ணு இருக்கும். மூணு வருஷம் போச்சு. வேலை மாறினேன், வீட்டுக் கடன் வாங்கினேன், பழைய கார்டு எக்ஸ்பயர் ஆச்சு, ஆட்டோ டெபிட் நின்னுடுச்சு. ரெண்டு தடவை போன் பண்ணாங்க, "அப்புறம் பாக்கறேன்"னு சொன்னேன். அந்த "அப்புறம்" வரவே இல்ல.

நாலு மாசம் கழிச்சு இன்னொரு கடிதம் வந்துச்சு. நான் பணம் நிறுத்தினது அந்தப் பொண்ணுக்குத் தெரியாது போல. வழக்கம்போல வீடு, வாசல்ல ஒரு ஆடு. "அண்ணா, நான் அஞ்சாவது போறேன்"னு எழுதியிருந்தா.

மறுநாளே அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அந்தம்மா கோபப்படல. "இன்னொரு நன்கொடையாளருக்கு மாத்தற வரைக்கும் பொது நிதியில பாத்துக்கறோம் சார். உங்க பணம் அவளுக்கு மட்டும் போகல, அந்த ஊருக்கே சேர்த்துதான் போச்சு"ன்னாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. மூணு வருஷம் பணம் கட்டியிருக்கேன், எங்க போகுதுன்னு ஒரு தடவைகூட கேக்கல. ஒரு ஆடிட்டர்!

பணம் எங்க பிரியுது?

முக்கொம்புக்குப் போனவங்களுக்குத் தெரியும். கரூர் பக்கமிருந்து வர்ற காவிரி இங்க ரெண்டா பிரியுது. வடக்க கொள்ளிடம், தெக்க காவிரி, நடுவுல ஸ்ரீரங்கம். கொள்ளிடம் தாழ்வா இருந்ததால தண்ணி அந்தப் பக்கமே அதிகம் ஓடி, காவிரிப் பக்கம் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயலுக்குத் தண்ணி குறைஞ்சுது. அதுக்காகத்தான் 1836ல ஆர்தர் காட்டன் இங்க மேலணையைக் கட்ட ஆரம்பிச்சார். அணை புதுசா தண்ணியை உண்டாக்கல. எந்தப் பக்கம் எவ்வளவு போகணும்னு முடிவு பண்ணுது, அவ்வளவுதான்.

தொண்டு நிறுவனமும் அதேதான். உங்க 1,000 ரூபாய் மூணு வழியில போகலாம். ஒண்ணு, நேரா அந்தக் குழந்தைக்கு: பள்ளிக் கட்டணம், பை, சீருடை. ரெண்டாவது, அந்த ஊருக்கு: மாலை நேர டியூஷன் சென்டர், மருத்துவ முகாம், குடிநீர், அம்மாக்களோட சுய உதவிக் குழு. மூணாவது, நிர்வாகத்துக்கு: களப்பணியாளர் சம்பளம், கணக்கு, தணிக்கை, அப்புறம் அந்த மால் ஸ்டால் வாடகை.

போட்டோவுல ஒரு குழந்தை இருந்தாலும், பல பெரிய நிறுவனங்கள்ல செலவு முக்கியமா ரெண்டாவது வழியிலதான். "அப்ப ஏமாத்தறாங்களா?"ன்னு கேக்காதீங்க. யோசிச்சுப் பாருங்க. ஒரு தெருவுல ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் புதுப் பையும் ஷூவும் வந்தா, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன நினைக்கும்? கூடப் பொறந்த தம்பி என்ன நினைப்பான்? அதுவுமில்லாம, குழந்தை பள்ளியை விட்டு நிக்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தைகிட்ட இல்ல. வாழைத் தோட்டத்துல கூலி வேலை பாக்கற அம்மா படுத்துட்டா, அக்கா வீட்டுல நின்னு தம்பியைப் பாத்துக்கணும். அங்க பை வாங்கிக் கொடுத்து பிரயோஜனம் இல்ல. அம்மாவுக்கு வைத்தியம்தான் அந்தப் பொண்ணோட படிப்பு.

திருச்சிக்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. 1982 ஜூலை 1ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வெச்சது இங்க பாப்பாக்குறிச்சியிலதான். யார் பிள்ளைன்னு பாக்காம வரிசையில உக்கார்ந்த எல்லாருக்கும் ஒரே தட்டு. தனிக் குழந்தைக்கு உதவறதுக்கும் சமூகத்துக்கு உதவறதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வரிசையில இருக்கு.

நிஜமாவே பலன் இருக்கா?

இருக்குன்னு சொல்ல ஒரு நல்ல ஆதாரம் உண்டு. புரூஸ் வைடிக், பால் கிளூவ், லெய்ன் ரட்லெட்ஜ்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் இந்தியா உட்பட ஆறு நாட்டுல பண்ண ஆய்வு, 2013ல வெளியாச்சு. கம்பேஷன் இன்டர்நேஷனல் நிறுவனத்தோட திட்டத்துல சின்ன வயசுல இருந்தவங்களை, பெரியவங்களான பிறகு தேடிப் பிடிச்சாங்க. யாரோட ஒப்பிட்டாங்க தெரியுமா? திட்டம் ஊருக்கு வந்தப்ப வயசு வரம்பைத் தாண்டியிருந்ததால சேர முடியாமப் போன, அவங்க சொந்த அண்ணன் அக்காவோட. ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. ஸ்பான்சர் கிடைச்சவங்க சராசரியா ஒரு வருஷத்துக்கும் மேல கூடுதலா படிச்சிருந்தாங்க. பள்ளிப் படிப்பை முடிச்சவங்களும், அலுவலக வேலைக்குப் போனவங்களும் அவங்கள்ல அதிகம்.

ஆனா இதே நிறுவனம் 2017ல இந்தியாவை விட்டே வெளிய போச்சு. வெளிநாட்டுப் பணம் வர மத்திய அரசோட முன் அனுமதி வேணும்னு ஆனதும் நிதி நின்னுபோச்சு. இங்க திட்டத்துல இருந்த குழந்தைங்க ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல. அரசு செஞ்சது சரியா தப்பாங்கற விவாதத்துக்குள்ள நான் போகல. பண விஷயமா பாத்தா பாடம் ஒண்ணுதான்: ஒரே வாய்க்காலை நம்பி இருந்த வயல் சீக்கிரம் காயும். நம்ம ஊர் குழந்தைக்கு நம்ம ஊர் சம்பளத்துல இருந்து சின்னச் சின்னத் தொகை, நிறைய பேர்கிட்ட இருந்து தொடர்ந்து போறது ரொம்ப முக்கியம்.

80ஜி ஆசைக்காகப் போடாதீங்க

இப்ப நம்ம ஏரியா. புதிய வரி முறையில இருந்தா 80ஜி விலக்கு கிடையாது. முடிஞ்சது. 2025-26ல 12.75 லட்சம் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்குப் புதிய முறையில வரியே இல்லங்கறதால, இதைப் படிக்கற பல பேருக்கு இந்த நன்கொடையால ஒரு ரூபாய்கூட வரி மிச்சமாகாது.

பழைய முறையில இருக்கீங்களா? வருஷத்துக்கு 12,000 கொடுத்தா, பெரும்பாலான அறக்கட்டளைக்கு அதுல பாதி, அதாவது 6,000தான் கழியும். 30% ஸ்லாப்ல இருந்தா செஸ் சேர்த்து மிச்சம் 1,872 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா அதுவும் இல்ல. வெறும் ரசீது போதாது, அவங்க உங்க பான் எண்ணோட 10பிஇ சான்றிதழ் தரணும். (2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம்ங்கறதால பிரிவு எண், படிவ எண் எல்லாம் மாறுது. நான் சொல்றது நமக்குப் பழகின பழைய எண்.)

இன்னொண்ணு. வீட்டு வேலை செய்யற அக்காவோட பொண்ணுக்கு நீங்களே ஃபீஸ் கட்டினா 80ஜியும் வராது, 80சியும் வராது. 80சி டியூஷன் ஃபீஸ் சொந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். அதுக்காகக் கட்டாம விட்டுடாதீங்க. அது வரி சேமிப்பு இல்ல, நல்ல காரியம்.

இது டொனேஷன் இல்ல, பத்து வருஷ இஎம்ஐ

எட்டு வயசுக் குழந்தையை 18 வரைக்கும் ஸ்பான்சர் பண்ணா, மாசம் 1,000 வீதம் மொத்தம் 1,20,000 ரூபாய். கையெழுத்து போடும்போது இந்த நம்பரை மனசுல வெச்சுக்கோங்க.

முதல்ல ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட். அது இல்லாம ஸ்பான்சர் வேண்டாம். அப்புறம் ஸ்பான்சர் தொகையில ஒரு வருஷத்துக்கானதைத் தனியா ஒரு ஆர்.டி.யில சேர்த்து வைங்க. வேலை போனாலும் குழந்தைக்கு உடனே நிக்காது. 1,000 கஷ்டம்னா 500 ரூபாயைப் பொது நிதிக்குக் கொடுங்க. நிறுத்தியே ஆகணும்னா மூணு மாசம் முன்னாடி சொல்லிட்டு நிறுத்துங்க. நான் பண்ண மாதிரி கார்டு எக்ஸ்பயர் ஆகறதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்காதீங்க.

கேக்க வேண்டிய கேள்விகள்

80ஜி பதிவு இப்ப செல்லுபடியாகுதா? வருமான வரித் துறை தளத்துலயே பாக்கலாம், அது குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டிய விஷயம். தணிக்கை செஞ்ச கணக்கைக் காட்டுவாங்களா? பணம் குழந்தைக்கா, ஊருக்கா? நான் நிறுத்தினா என்ன ஆகும்? விடுதின்னா, இளைஞர் நீதிச் சட்டம் 2015ல பதிவு ஆகியிருக்கா? குழந்தையோட முழுப்பேர், ஊர், பள்ளி எல்லாத்தையும் கேட்டவங்களுக்கெல்லாம் கொடுக்கறாங்கன்னா, அங்க போடாதீங்க. போட்டோ அனுப்பறதைவிடக் குழந்தையோட பாதுகாப்பு பெருசு.

ஒரு தடவை பாத்துட்டு விட்டுடவும் கூடாது. முக்கொம்பு அணை 180 வருஷம் நின்னுச்சு. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகு அடிச்சுட்டுப் போச்சு. பேர் பெத்த அணையானாலும் வருஷா வருஷம் பாக்கணும். அறக்கட்டளையும் அப்படித்தான்.

காசே இல்லாம ஒரு ஸ்பான்சர்

கடைசியா, எனக்கு ரொம்ப முக்கியமா படறது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தற மிஷன் வாத்சல்யா திட்டத்துல நிதி ஆதரவுன்னு ஒண்ணு இருக்கு. கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட அம்மாவோட பிள்ளைங்க, உறவினர் வீட்டுல வளர்ற ஆதரவற்ற குழந்தைங்க, பெத்தவங்க கடுமையான நோயில இருக்கற குடும்பம், இவங்களுக்கு மாசம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்துல 72,000, மத்த இடத்துல 96,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர்ல தொடங்கின அன்புக் கரங்கள் திட்டத்துல மாசம் 2,000 ரூபாய் தர்றாங்க. எதுக்குத் தகுதின்னு அலுவலகத்துல கேட்டாலே சொல்லிடுவாங்க.

உங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், பூக்கார அம்மா, ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங் அக்கா, இவங்கள்ல யாராவது ஒருத்தருக்கு இது பொருந்தலாம். ஆனா அவங்களால ஒரு நாள் கூலியை விட்டுட்டு, வருமானச் சான்று, வங்கிக் கணக்குன்னு அலைய முடியாது. நீங்க ஒரு லீவு போட்டுக் கூடப் போனா, உங்க செலவு ஒரு நாள். அந்தக் குழந்தைக்கு மாசம் 4,000. எந்த மியூச்சுவல் ஃபண்டும் இந்த ரிட்டர்ன் தராது.

சப்ஸ்கிரைபர் கேட்ட கேள்விக்கு என் பதில்: போடுங்க. ஆனா போட்டோவைப் பாத்துப் போடாதீங்க, கணக்கைப் பாத்துப் போடுங்க. போட்டுட்டா பாதியில விடாதீங்க.

நான் இப்ப திரும்பவும் கட்டறேன். குறிப்பிட்ட குழந்தைக்கு இல்ல, ஒரு ஊரோட டியூஷன் சென்டருக்கு. கடிதம் வர்றதில்ல, வருஷத்துக்கு ஒரு தடவை வரவு செலவு அறிக்கைதான் வருது. அதை முழுசா படிக்கறேன். அந்தப் பழைய கடிதம் மட்டும் இன்னும் என் டிராயர்ல இருக்கு, வாசல்ல ஆட்டோட.

உங்க அனுபவத்தைக் கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோ ஏ.சி. ரூம்லதான், சத்தியமா.