தையல் போடக் கற்றுத்தரும் சீனியர்

வெதுருகுப்பம் பக்கம் கரும்பு வெட்டும்போது கத்தி காலில் ஆழமாக இறங்கிவிட்டால், ஆளைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்கோ திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிக்கோ ஓடுவார்கள். இப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிகளில் ராத்திரி கேஷுவாலிட்டியில் தையல் போடுவது பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன்தான். அவருக்கு ஊசி பிடிக்கக் கற்றுத்தந்தது யார்?

2019-ல் வந்த திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், தையலை முதலில் ஸ்கில்ஸ் லேபில் செயற்கைத் தோலில் பழகச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பேட்சில் நூற்றைம்பது, இருநூறு பேர், சர்ஜனுக்கோ ஓ.பி., தியேட்டர், வார்டு என்று நாள் போய்விடும். அதனால்தான் சீனியர் மாணவரே ஜூனியருக்குக் கற்றுத்தரும் முறை உலகமெங்கும் பரவுகிறது.

இதற்குத் தோதானது பெய்ட்டன் என்பவர் வகுத்த நான்கு படிகள். சீனியர் முதலில் வாய் திறக்காமல் வழக்கமான வேகத்தில் ஒரு தையல் போடுகிறார். அடுத்து, ஒவ்வொரு அசைவையும் விளக்கிக்கொண்டே போடுகிறார். மூன்றாவதில் ஜூனியர் சொல்லச் சொல்ல, சீனியர் செய்கிறார். இங்கேதான் குட்டு உடையும். ஊசியை முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடிக்கவேண்டும், தோலில் செங்குத்தாக இறக்கவேண்டும், மணிக்கட்டைச் சுழற்றி வெளியே எடுக்கவேண்டும். இதில் எது விட்டுப்போனாலும் உடனே தெரிந்துவிடும். நான்காவதில்தான் ஊசி ஜூனியர் கைக்கு வருகிறது.

செயற்கைத் தோல் இல்லையென்றால் வாழைப்பழத் தோல் போதும். முடிச்சை இறுக்கினால் அது கிழிந்துவிடும். மனிதத் தோலிலும் தையல் அளவுக்கு மீறி இறுகினால் ஓரங்களுக்கு ரத்தம் போகாது, புண் ஆறாது.

மாணவரே மாணவருக்குக் கற்றுத்தருவது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளைகள் இருந்தார்கள். சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவைத்து, 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைச் சீனியர் அண்ணனிடம் தயங்காமல் கேட்கலாம். தான் தடுமாறிய இடம் அவருக்கும் மறந்திருக்காது. ஆபத்தும் அவரிடமேதான். விரலால் ஊசியைத் தொடும் கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தால், அது அப்படியே அடுத்த பேட்சுக்கும் போகும். ஆகவே சொல்லிக்கொடுக்க வரும் சீனியரின் கையை முதலில் சர்ஜன் ஒருவர் பார்த்துத் திருத்தவேண்டும். ஜூனியர் கற்றுத் தேறிய பிறகும், லாக்புக்கில் கையெழுத்துப் போடவேண்டியவர் ஆசிரியர்தான்.