விளையாட்டு உலகம் எந்தக் கணினியில் இருக்கிறது?

இணையத்தில் பலர் ஒன்றுகூடி ஆடும் கணினி விளையாட்டுகளுள் சாண்ட்பாக்ஸ் எனப்படும் வகை, வெற்றி தோல்வியை மையமாகக் கொள்ளாமல், மண், மரம், கல், நீர் போன்ற பொருள்களை ஆடுபவர் கையில் கொடுத்து, வேண்டியதைக் கட்டிக்கொள்ள விட்டுவிடுவதாகும். மைன்கிராஃப்ட், ரோப்ளாக்ஸ், செகண்ட் லைஃப் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றில் நிறுவனம் தருவது கருவிகளும் விதிகளும்தாம். அங்கே எழும் வீடுகளும் ஊர்களும் கடைவீதிகளும் பெரும்பாலும் ஆடுபவர்களின் உழைப்பால் ஆனவை. எனவே நிறுவனம் தன் சேவையை நிறுத்தும் நாளில், ஆண்டுக்கணக்கில் பலர் சேர்ந்து கட்டியவையும் உடன் அழிந்துபோகக்கூடும். அவை அழியுமா, பிழைக்குமா என்பது அந்த உலகம் எந்தக் கணினியில் இருக்கிறது என்ற ஒரே கேள்வியைப் பொறுத்தது.

இவ்வகை விளையாட்டு இரண்டு மென்பொருள்களால் இயங்குகிறது. ஆடுபவரின் கணினியிலோ கைபேசியிலோ உள்ள மென்பொருள் காட்சியைத் திரையில் வரைந்து, அவர் அழுத்தும் விசைகளைச் செய்தியாக அனுப்புகிறது. மற்றொன்று, எல்லாரையும் இணைக்கும் சர்வர் என்னும் மையக் கணினியில் இயங்குவது. ஒருவர் ஒரு கல்லை உடைக்கும்போது அவருடைய கணினி அச்செய்தியைத் தெரிவிக்க, அவர் அந்தக் கல்லுக்கு அருகில் நிற்கிறாரா, அதை உடைக்கும் உரிமை அவருக்கு உண்டா என்று சர்வர் சோதித்துத் தன் பதிவேட்டில் மாற்றம் செய்து, அங்குள்ள மற்றவர்களுக்கும் அறிவிக்கிறது. ஆக, உலகம் உண்மையில் இருப்பது சர்வரில். திரையில் தெரிவது அதன் தோற்றம் மட்டுமே. ரோப்ளாக்ஸில் அந்தச் சர்வர் முழுக்க நிறுவனத்தின் கையில் இருப்பதால், பலர் கூடி ஆடும் உலகத்தைத் தனி ஒருவர் தம் வீட்டில் நடத்த முடியாது. மைன்கிராஃப்ட் வேறு வழியில் சென்றது.

ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்குஸ் பெர்சன் 2009 மே மாதம் வெளியிட்ட மைன்கிராஃப்ட், 2011 நவம்பரில் முழு வடிவம் பெற்று, 2014இல் 250 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்டது. இவ்வளவு பெரிய விலைக்குக் கைமாறிய பின்னும், ஜாவா பதிப்பு எனப்படும் அதன் மூல வடிவத்துக்கான சர்வர் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு மாறவில்லை. 2012 ஆகஸ்டில் வந்த பதிப்பு முதல், தனியாக ஆடுபவரின் கணினிக்குள்ளேயும் ஒரு சிறிய சர்வர் கண்ணுக்குத் தெரியாமல் இயங்கத் தொடங்கியது. அதாவது, தனி ஆட்டம் என்பது ஒரே ஆள் உள்ள கூட்டு ஆட்டமாகவே அமைக்கப்பட்டது. அதனால்தான் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் திரையில் ஒரு பொத்தானை அழுத்தியதும், அதே வீட்டில் அதே வைஃபையில் இருக்கும் தம்பியோ தங்கையோ அந்த உலகத்துக்குள் வந்துவிட முடிகிறது.

நிரந்தரமான சர்வர் வேண்டுவோர் செய்ய வேண்டியதும் பெரும் வேலை அன்று. பதிவிறக்கிய கோப்பை வெறும் கோப்புறை ஒன்றில் வைத்து முதல் முறை இயக்கினால், அது உடனே நின்றுவிடும். நிற்பதற்கு முன் யூலா என்ற பெயரில் சிறிய உரைக்கோப்பு ஒன்றை அங்கே விட்டுச்செல்லும். பயன்பாட்டு ஒப்பந்தத்தைப் படித்து ஏற்றதற்கு அடையாளமாக, அதில் ஃபால்ஸ் என்றிருப்பதை ட்ரூ என்று மாற்றிச் சேமித்து மீண்டும் இயக்கினால், உலகம் உருவாகத் தொடங்கும். அந்த உலகம் வேர்ல்ட் என்ற கோப்புறைக்குள் அடங்குகிறது. கட்டைகள் எனப்படும் கனசதுரங்களால் ஆன நிலப்பரப்பு, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 16 கட்டைகள் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, பக்கத்துக்கு 32 துண்டுகள் வீதம் ஒரு கோப்பில் சேர்க்கப்படுவதால், ஒவ்வொரு கோப்பும் 512 கட்டை நீளமும் 512 கட்டை அகலமும் கொண்ட நிலத்தைத் தாங்குகிறது. அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்தால், கட்டிய கோட்டையும் தோண்டிய சுரங்கமும் வளர்த்த ஆடுகளும் முழுமையாக நகலில் வந்துவிடுகின்றன. ஆடுபவரின் உரிமைக்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

எனினும் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வெளியிலிருந்து ஒருவர் நுழையும்போது அவர் காசு கொடுத்து வாங்கிய கணக்கின் உரிமையாளர்தானா என்று சரிபார்ப்பது நிறுவனத்தின் சர்வரே. அது செயலிழந்தால் சொந்தச் சர்வருக்குள்ளும் புதிதாக யாரும் நுழைய முடியாது. அமைப்புக் கோப்பில் இச்சோதனையை நிறுத்தி வைக்க இடம் இருந்தாலும், நிறுத்திய பின் எவரும் எந்தப் பெயரையும் சொல்லிக்கொண்டு உள்ளே வரலாம் என்பதால், வீட்டுக்குள்ளோ வகுப்பறைக்குள்ளோ அடங்கிய வலையமைப்புக்கே அது ஏற்றது. வெளியூர் நண்பர்களை அழைப்பதில் மற்றொரு சிக்கல் எழுகிறது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதால், வீட்டு ரௌட்டரில் வழி திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு வீட்டை வந்தடைவதில்லை. அப்போது வாடகைக்குச் சர்வர் எடுப்பதோ, மூடிய தனி வலையமைப்பு ஒன்றை இணையத்தின்மேல் அமைத்துக்கொள்வதோ வழியாகிறது.

உலகத்தை நகலெடுக்க முடிவதன் பயனை, எல்லை கடந்த செய்தியாளர்கள் என்னும் அமைப்பு 2020 மார்ச் 12 அன்று மைன்கிராஃப்டில் திறந்த நூலகம் தெளிவாகக் காட்டியது. எகிப்து, மெக்சிகோ, ரஷ்யா, சவூதி அரேபியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் அடக்குமுறைக்கு ஆளான செய்தியாளர்களின் எழுத்துகளை விளையாட்டுக்குள் புத்தகங்களாக அடுக்கிய இந்நூலகம், சுமார் 1 கோடியே 25 லட்சம் கட்டைகளால் ஆனது. கொலையுண்ட ஜமால் கஷோகியின் கட்டுரைகளும் அதில் உள்ளன. அதைச் சர்வரில் சென்று பார்க்கலாம். முழு வரைபடத்தையும் பதிவிறக்கித் தம் கணினியிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். ஒரு சர்வரை முடக்கினாலும், பதிவிறக்கியவர்களின் கணினிகளில் நூலகம் திறந்தே இருக்கும்.

நிறுவனத்தையே சாராத விளையாட்டு வேண்டும் என்போருக்கு லுவாண்டி இருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அகோலா 2010இல் தொடங்கிய இத்திட்டம், மைன்டெஸ்ட் என்ற பெயரில் வளர்ந்து, 2024 அக்டோபரில் இப்போதைய பெயரைப் பெற்றது. இது திறமூல மென்பொருள். அதாவது, இதன் நிரல் அனைவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் அளிக்கப்பட்டது. கணக்குச் சோதனைக்கென மைய நிறுவனம் ஏதும் இல்லாததால், இணையமே இல்லாத கணினி ஆய்வகத்தில், பழைய கணினி ஒன்றைச் சர்வராக வைத்து ஒரு வகுப்பே சேர்ந்து ஆட முடியும். சர்வரில் சேர்த்த புதுப்பொருள்களின் படங்களையும் ஒலிகளையும் உள்ளே வருபவரின் கணினிக்கு அதுவே அனுப்பிவிடுவதால், மாணவர் ஒவ்வொருவரும் எதையும் தனித்தனியே நிறுவ வேண்டியதில்லை. மைன்கிராஃப்டின் மெருகும் கூட்டமும் லுவாண்டியிடம் இல்லை என்பது உண்மை. ஆயினும் கற்பித்தலுக்கு உகந்தது எது என்று கேட்டால், உள்ளே திறந்து பார்க்கக்கூடிய லுவாண்டியையே முதலில் சொல்ல வேண்டும்.

லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் திறந்த செகண்ட் லைஃபின் வரலாறு இன்னும் நுணுக்கமானது. அங்கே நிலம் என்பது நிறுவனத்தின் சர்வரில் மாத வாடகைக்குப் பெறும் இடம். பல்கலைக்கழகங்களும் அங்கே இடம் எடுத்து வகுப்பறைகள் அமைத்தன. 2007 ஜனவரியில், காட்சியை வரையும் பார்வை மென்பொருளின் நிரலை நிறுவனம் திறமூலமாக வெளியிட்டது. சர்வரின் நிரலை வெளியிடவில்லை. அந்த ஆண்டே தன்னார்வ நிரலாளர்கள், பார்வை மென்பொருள் பேசும் அதே முறையில் பதில் பேசும் சர்வர் ஒன்றைத் தாமே எழுதத் தொடங்கினர். ஓப்பன்சிமுலேட்டர் என்னும் அந்தச் சர்வரைத் தனிக் கணினியில் இயக்கினால், பக்கத்துக்கு 256 மீட்டர் கொண்ட சதுர நிலம் ஒன்று வீட்டிலேயே கிடைக்கும். அந்நிலத்தின் மேடு பள்ளங்களையும், அதில் நிற்கும் கட்டடங்களையும், அவற்றின் மேற்பூச்சுப் படங்களையும், அவற்றை இயக்கும் நிரல்களையும் ஒற்றைக் கோப்பாகச் சேமித்து, வேறொரு கணினியில் அப்படியே விரிக்கும் வசதியும் அதில் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எர்வைன் வளாகப் பேராசிரியர் கிறிஸ்டா லோப்பஸ் உருவாக்கிய ஹைப்பர்கிரிட் என்னும் ஏற்பாடு, இப்படி வெவ்வேறு கணினிகளில் நடக்கும் உலகங்களுக்கு இடையே, ஒரே உருவத்தோடு ஒருவர் சென்று வர வழி செய்தது.

கல்வி நிறுவனங்களுக்கு அதுவரை தந்த பாதிவிலைச் சலுகையை 2011 ஜனவரி முதல் நிறுத்துவதாக லிண்டன் லேப் 2010இல் அறிவித்தபோது, ஓப்பன்சிமுலேட்டரின் அருமை பலருக்கும் புரிந்தது. பல பல்கலைக்கழகங்கள் அங்கே குடிபெயர்ந்தன. ஆனால் செகண்ட் லைஃபில் பிறரிடம் வாங்கிய மரத்தையும் நாற்காலியையும் எடுத்துச் செல்லப் பதிப்புரிமை இடம் தரவில்லை. தாமே செய்த பொருள்களை மட்டுமே முறைப்படி வெளியே கொண்டுவர முடிந்தது. அந்த நிறுவனம் பின்னர் 2013இல் சலுகையை மீண்டும் வழங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் விளையாட்டு உயிரோடிருக்கும்போதே கிடைத்த வழிகள். மூடிய பின் மீட்பது முற்றிலும் வேறு வேலை. சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் 2003 ஜூனில் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ் விளையாட்டில் ஆடுபவர்கள் ஊர் அமைத்தார்கள். வாக்களித்து மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். சந்தைக்கு வரும் பொருள்களில் பெரும்பகுதியைத் தாமே உற்பத்தி செய்தார்கள். 2005இல் நிறுவனம் அதன் அடிப்படையையே மாற்றியதும் பலர் மனம் நொந்து வெளியேறினர்; 2011 டிசம்பர் 15 அன்று அது மூடப்பட்டது. மாற்றத்துக்கு முந்திய வடிவத்தை மீட்கும் எமுலேட்டரை, அதாவது மூல சர்வரைப் போலவே நடந்துகொள்ளும் மாற்று சர்வரை, ஆர்வலர்கள் பல ஆண்டு உழைத்து எழுதினர். லெகோ யூனிவர்ஸ் 2010 அக்டோபரில் வெளியாகி, 2012 ஜனவரியிலேயே மூடப்பட்டது. அதற்கான டார்க்ஃப்ளேம் யூனிவர்ஸ் என்னும் எமுலேட்டரின் நிரல் 2021 டிசம்பரில் திறமூலமாக வெளிவந்தது. இத்தகைய வேலையில், விளையாட்டு மென்பொருளுக்கும் மூல சர்வருக்கும் இடையே சென்ற செய்திகளின் பதிவுகள் எஞ்சியிருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகப் பொருள் காண்பதும், எஞ்சாத இடத்தில் விளையாட்டு மென்பொருள் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறது என்று உய்த்துணர்வதும் தவிர வேறு வழியில்லை.

இந்த உழைப்பு போற்றுதற்குரியது. ஆயினும் அது மீட்பது விதிகளையே. எமுலேட்டரில் மீண்டும் எழுந்த கேலக்சீஸ், ஆள் இல்லாத நிலமாகவே பிறந்தது. பழைய ஊர்களின் பதிவேடு நிறுவனத்தின் கணினிகளில் இருந்ததால், ஆடுபவர்கள் கட்டிய வீடுகளில் ஒன்றும் திரும்பவில்லை. லெகோ யூனிவர்ஸில் சிறுவர்கள் கட்டி, மேற்பார்வையாளர்கள் பார்த்து ஒப்புதல் அளித்த உருவங்களுக்கும் இதே கதிதான். விளையாட்டைக் காப்பாற்றுவது பற்றிய பேச்சில் நிரல் பெறும் கவனத்தில் பாதியைக்கூட ஆடுபவர் கட்டிய உலகத்தின் தரவு பெறுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

சட்டம் இதில் மெதுவாகவே நகர்கிறது. ஒரு விளையாட்டு நிறுவனத்தின் சர்வருக்குப் போட்டியாகத் தாமே சர்வர் எழுதிய பிநெட்டி என்னும் குழுவினருக்கு எதிராக 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நாட்டின் பதிப்புரிமை விதிகளில், மூடப்பட்ட சர்வரின் கணக்குச் சோதனையை நீக்கிச் சொந்தக் கணினியில் ஆடிக்கொள்ள 2015இல் விலக்கு கிடைத்தது. 2018இல் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சற்று விரிவான விலக்கு கிடைத்தது. யூபிசாஃப்ட் நிறுவனம் தி க்ரூ என்னும் கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியதும், தனியாகக்கூட ஆட முடியாதபடி அது முடங்கியதால், ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்னும் இயக்கம் எழுந்தது. விற்ற விளையாட்டைச் சேவை நின்ற பின்னும் ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் எனக் கோரும் அதன் ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி, 10 லட்சம் கையெழுத்து என்ற வரம்பை 2025 ஜூலையில் கடந்தது.

பிறரிடம் உரிமம் பெற்ற நிரல்கள் சர்வருக்குள் கலந்திருப்பதால் அதை வெளியிட முடியாது என்று நிறுவனங்கள் சொல்வது பழைய விளையாட்டுகளைப் பொறுத்தவரை நியாயமே. ஆனால் வேலன் ஸ்டுடியோஸ் நிறுவனம் நாக்அவுட் சிட்டி விளையாட்டை 2023 ஜூனில் மூடியபோது, சொந்தச் சர்வரில் நடத்தும் பதிப்பை வெளியிட்டுவிட்டே விடைபெற்றது. எனவே தொடக்கத்திலேயே திட்டமிட்டால் முடியாதது அன்று. புதிய விளையாட்டுகளுக்கு அந்தக் காரணத்தை ஏற்க வேண்டியதில்லை.

சட்டமும் நிறுவனங்களும் மாறும்வரை ஆடுபவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் பிள்ளைகள் மைன்கிராஃப்டிலோ லுவாண்டியிலோ ஏதேனும் கட்டிக்கொண்டிருந்தால், அந்த உலகம் இருக்கும் கோப்புறை எது என்று அவர்களோடு சேர்ந்து கண்டுபிடித்து, மாதம் ஒரு முறையேனும் அதை வேறொரு வட்டில் நகலெடுத்து வைக்கப் பெற்றோர் பழக்க வேண்டும். நகலெடுக்க வழியே தராத விளையாட்டு என்றால், அதில் காசையும் காலத்தையும் போடும் முன் அதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.