முழங்காலில் எடுக்கும் தண்ணீர் என்ன சொல்கிறது?

“முழங்காலில ஊசி குத்தித் தண்ணி எடுத்தா, பொறகு கால் விளங்காது.” இந்தப் பேச்சு நமது லயங்களில் இன்னும் இருக்கிறது. இதைக் கேட்டுப் பயந்து, வார்ட்டில் போட்ட பிள்ளையைத் துண்டு வெட்டிக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோரை நாங்கள் பார்த்திருக்கிறோம். முறைப்படி டொக்டர் எடுக்கும் ஊசியால் கால் முடங்காது. சோதிக்காமல் விட்ட வீக்கத்தால் முடங்கலாம். ஆகவே அந்தத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம்.

எல்லோருடைய மூட்டிலும் தண்ணீர் உண்டு. சில்லுக்குக் கிரீஸ் மாதிரி, எலும்பு உரசாமல் அது காக்கிறது. சுகமான முழங்காலில் ஒரு தேக்கரண்டி அளவுகூட இராது. வைக்கோல் நிறத்தில் தெளிவாக, முட்டை வெள்ளைக்கரு போல் இழுபடும். ஒரு கன மில்லிமீற்றரில் வெள்ளை அணுக்கள் 200க்கும் குறைவாகவே இருக்கும். வயது போய் மூட்டுத் தேய்ந்தவர்களுக்குத் தண்ணீர் கூடினாலும் அணுக்கள் அவ்வளவாகக் கூடுவதில்லை. ஆனால் மூட்டுக்குள் அழற்சி வந்தால் 2,000க்கு மேலே போகும். தண்ணீர் கலங்கும், இழுபடாமல் சொட்டும். கிருமி புகுந்து சீழ் பிடித்தால் 50,000ஐயும் தாண்டலாம்.

இந்த அணுக்களை யார் அங்கே கூப்பிடுகிறார்கள்? முந்தின காலத்தில் பெரட்டுக்கு ஆள் சேர்க்கத் தப்படிப்பார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். உடம்பிலும் அப்படியே. ஒரு அணு சில சேதிப் பொருட்களை விட்டு மற்ற அணுக்களைக் கூப்பிடுகிறது. இன்டர்லூக்கின் 6, டி.என்.எஃப். என்பவை அவற்றுள் முக்கியமானவை. கிருமி வந்தால் தப்படிக்க வேண்டியதுதான். மூட்டுவாதத்திலோ கிருமி ஒன்றும் இல்லாமலே தப்பு நிற்காமல் அடிபடுகிறது. வந்து குவிந்த அணுக்கள் சொந்த மூட்டையே அரிக்கின்றன.

பெரியவர்களுக்கு வரும் முடக்குவாதத்திலும் சரி, 16 வயதுக்குள் தொடங்கி ஆறு கிழமைக்கு மேல் நீடிக்கும் பிள்ளைகளின் மூட்டுவாதத்திலும் சரி, மூட்டுத் தண்ணீரில் இன்டர்லூக்கின் 6 இரத்தத்தில் இருப்பதைவிட மிக அதிகமாகக் காணப்படுகிறது. சண்டை நடப்பது மூட்டுக்குள்ளே. இதனால்தான், ஒரு முழங்கால் மட்டும் வீங்கிய பிள்ளைக்கு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தச் சோதனைகள் சரியாகவே வரக்கூடும். “ரத்த ரிப்போட் நல்லா இருக்காம்” என்று சொல்லி கிளினிக்கை நிறுத்திவிட வேண்டாம். வீக்கம் இருக்கும்வரை நோய் இருக்கிறது.

சேதிப் பொருட்களை அளப்பது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூட வேலை. ஆஸ்பத்திரியில் சாதாரணமாக அணுவை எண்ணுவார்கள், கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பெரியவர்களுக்கு யூரிக் அமில உப்புத்துகள் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். கிருமி என்றால் தாமதிக்க இடமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலோடு மூட்டுச் சுட்டு, காலை ஊன்ற மாட்டேன் என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று இராமல் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். அந்த மூட்டை எண்ணெய் போட்டு உருவவும் கூடாது.

மற்ற மூட்டுவாதம் சத்தமில்லாமல் வரும். காலையில் நொண்டும் பிள்ளை, பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லும். பத்து மணிக்கெல்லாம் ஓடி விளையாடும். அதனால் ‘கள்ளம் பண்ணுது’ என்று அடி வாங்கின பிள்ளைகளும் உண்டு. பெரியவர்களுக்குப் பொதுவாக இரண்டு கையிலும் சிறுமூட்டுகள் வீங்கி, விடிந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் கொழுந்து கிள்ள விரல் மடங்காது. குளிரைக் குற்றம் சொல்கிறோம். குளிரில் நோவு கூடத் தெரியலாம், இந்த நோயைக் கொண்டுவருவது குளிர் அல்ல.

இரத்தத்தில் முடக்குவாதக் காரணி பெரியவர்களில் பத்துப் பேரில் ஏழு பேருக்காவது தெரியும். பிள்ளைகளில் மிகச் சிலருக்கே தெரியும். பிள்ளைகளுக்கு இன்னொரு தனி ஆபத்து கண். நோவும் சிவப்பும் இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வையை எடுத்துவிடக்கூடும். டொக்டர் கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தால், “புள்ளைக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது” என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் போய்க் காட்டுங்கள்.

மருந்தும் இந்தத் தப்புச் சத்தத்தைப் பார்த்தே செய்யப்பட்டிருக்கிறது. டி.என்.எஃப். பொருளைப் பிடித்து நிறுத்தும் ஊசி 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் வந்த டொசிலிசுமாப், இன்டர்லூக்கின் 6 வந்து ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. கேட்பவன் காதில் பஞ்சு வைத்த மாதிரி. இவை விலை கூடியவை, எல்லோருக்கும் தேவைப்படுவதும் இல்லை.

அனேகருக்குக் கொடுப்பது மெதொட்ரெக்சேட் குளிசை. இது கிழமைக்கு ஒரே ஒரு நாள் மட்டும் எடுப்பது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் இதை எடுக்கக் கூடாது. பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும். எந்தக் கிழமை என்று கிளினிக் கொப்பியின் மட்டையில் பெரிதாக எழுதி வாங்குங்கள். வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடமும் அந்த நாளைச் சொல்லி வையுங்கள்.