கோட்டுக்குப் போகுமுன் மத்தியஸ்த சபை



புத்தளம் கரையோரத்தில் தென்னந்தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகள், “கைமாற்றாகக் கொடுத்த காசு வரவில்லை. ஊருக்குப் புதியவங்க பேச்சு எடுபடுமா?” என்று கேட்கிறார்கள்.

முதலில் மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்கிறோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இச்சபை புத்தளத்திலும் உண்டு, மலைநாட்டிலும் உண்டு. கடன், வேலித் தகராறு, ஏச்சுப்பேச்சு போன்றவற்றை லோயர் இல்லாமலே பேசித் தீர்க்கலாம். பெரும்பாலும் சனி, ஞாயிறில் கூடுவதால் ஒரு நாள் பேரும் போகாது.

சபையினரில் ஒருவரை நீங்கள் தெரிவு செய்யலாம், எதிர்த்தரப்பார் ஒருவரைத் தெரிவு செய்வார். அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். ஆகையால் புதியவர் என்ற பயம் வேண்டாம். மூவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு பக்கமும் கேட்டு ஒத்துப்போக உதவுவார்கள்.

இணங்கினால் அதை எழுத்தில் தருவார்கள். இணங்காவிட்டால் அதற்கும் சான்றிதழ் உண்டு. அதைக்கொண்டு கோட்டுக்குப் போகலாம். எழுதியதை உங்கள் மொழியில் வாசிக்கச் சொல்லுங்கள். மனம் ஒப்பாததில் கையெழுத்து வைக்காதீங்க.

சம்பளம், ஈ.பி.எப். பிரச்சினையை மட்டும் தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோங்கள். சபை கூடும் நாளைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.