நாற்பது பக்க நோட்டு

பையனின் மணிக்கட்டில் ஒரு கீறல். இரண்டு அங்குல நீளம். ஸ்கூலில் இருந்து வரும்போதே இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் சொல்ல அவனுக்குப் பேச்சு வராது. ஒன்பது வயது. ஆட்டிசம்.

மறுநாள் ஆபீஸில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டேன். பஸ்ஸிலேயே வசனமெல்லாம் ரெடி. ‘2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் தெரியுமா?’ என்று ஆரம்பித்து, டி.சி. கேட்பதில் க்ளைமாக்ஸ். (அடுத்த ஸ்கூல் எது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. வீரம் என்றால் அப்படித்தானே!)

டீச்சர் சின்னப் பெண். நான் கத்தி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"உட்காருங்க சார். அது ஆயாம்மா வளையல் பட்ட கீறல். நேத்தே போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

என் வசனத்தில் இதற்குப் பதில் இல்லை.

டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டை என் பக்கம் நகர்த்தினார். பக்கத்துக்கு மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் என்ன ஆச்சு.

‘காலை 11.20. மணி கோத்துக்கொண்டிருந்தான். திடீரென்று ஜன்னலை வெறித்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. வாயைச் சப்புக்கொட்டினான். ஒரு நிமிஷம் கழித்து மிரண்டு ஓடப் பார்த்தான். பிடித்தோம். உதறினான்.’

இதே மாதிரி அந்த மாதத்தில் மூன்று தடவை.

"முதல்ல பசின்னு நினைச்சோம் சார். அப்புறம் பிடிவாதம்னு..."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது பசியும் இல்லை, பிடிவாதமும் இல்லை. வலிப்பு. கை, கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைக்கிறோம். இப்படி நிலைகுத்திப் பார்ப்பதும் வாய் அசைப்பதும்கூட அதில் ஒரு வகை. நாலு வயதிலிருந்து மாத்திரை கொடுக்கிறோம். ஆனால் அட்மிஷன் ஃபாரத்தில், ‘வலிப்பு உண்டா?’ என்ற இடத்தில் நான் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். அதற்கு முன் வேறொரு ஸ்கூலில் ‘உண்டு’ என்று எழுதி, "ரிஸ்க் சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சூடு கண்ட பூனை!

அவர் மறைத்தது ஒரு நாள். நான் எட்டு மாதம்.

சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று பார்த்தால், "மாத்திரை பேர் என்ன சார்? எத்தனை மணிக்குக் கொடுக்கறீங்க?" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் நோட்டை டாக்டரிடம் காட்டினேன். "நான் கேட்டா ‘அப்பப்ப வருது’ம்பீங்க. இதுல நிமிஷக் கணக்கே இருக்கே!" என்றவர், பையனின் எடையைப் பார்த்து டோஸை மாற்றினார். ஸ்கூலுக்கும் ஒரு சீட்டு எழுதித் தந்தார். அந்த நேரத்தில் அவனை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, இன்னும் மிரளுவான். இடிக்கிற சாமான்களை நகர்த்திவிட்டு, பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசினால் போதும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரி. (இரும்புச் சாவி? அது வீட்டைப் பூட்ட மட்டும்!)

சென்னையில் வித்யாசாகரை 1985-ல் தொடங்கிய பூனம் நடராஜனே ஒரு ஸ்பெஷல் குழந்தையின் அம்மாதான். அவர் மாதிரி ஸ்கூல் ஆரம்பிக்க நம்மால் ஆகாது. நோட்டு வாங்கலாமே!

இப்போது அந்த நோட்டு பையனின் பையிலேயே போய் வருகிறது. போன திங்களன்று டீச்சர் எழுதியது: ‘சட்டையில் இரண்டு பட்டன் தானே போட்டான். மூன்றாவதை என் சட்டையில் தேடினான். இன்று தூங்கி வழிகிறான், ஏன்?’

கீழே நான் எழுதினேன்: ‘ராத்திரி வீட்டில் சண்டை. எனக்கும் அவன் அம்மாவுக்கும். அவன் பன்னிரண்டு மணி வரை தூங்கவில்லை.’

"கருமம், இதையெல்லாமா ஸ்கூலுக்கு எழுதுவாங்க?" என்று என் மனைவி நோட்டைப் பிடுங்கினாள். கிழிக்கப் போகிறாளோ என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. ‘தப்பு இவர் மேல்தான்’ என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.